கிரகணத்தன்று அடித்த தண்ணீர்

என் சரோஜாவுக்கு,

கூப்பிட்டால் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே "இன்னா அண்ணி?" என்று வந்து நிற்பாயே, அப்படி வந்து உட்கார். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் ஒன்று உனக்குக் கோபம் வரக்கூடியது. பாதியில் எழுந்து போய்விடாதே.

முதலில் நல்ல சேதி. உன் செல்வி முழுகாமல் இருக்கிறாள். நாலு மாசம். தை மாசம் கல்யாணம் முடித்து வெள்ளானூருக்கு அனுப்பினோம். மாப்பிள்ளை லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் குடிக்கிற ஆள் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே செல்வியின் உதட்டுத் தையலைப் பார்த்துவிட்டு, "எனக்கு முட்டில இத்தவிடப் பெர்சா கீது" என்று பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினார். நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இப்போது ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறோம். பெண் உன் வீட்டில்தான் இருக்கிறாள்.

அடுத்த சேதி, வருகிற புதன்கிழமை சாயங்காலம் சூரிய கிரகணம். ஆடி அமாவாசையும் அன்றைக்குத்தான். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம். திட்டம் எங்களுடையது இல்லை, உன்னுடையது. நாலு வருஷத்துக்கு முன்னால், போன கிரகணத்துக்காக, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் நீ எழுதிய பட்டியலைச் செல்வி இன்னும் வைத்திருக்கிறாள். பாய் ரெண்டு, கிரகணம் விட்டதும் குடிக்க ஒரு தூக்கு மோர், வேப்பமரத்துக்குக் கிட்ட இடம் பிடிக்க வேண்டும், அண்ணனிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், வெல்டிங் கண்ணாடி கேட்க வேண்டும் என்று கோழிக் கிறுக்கலில் எழுதியிருக்கிறாய். கடைசி வரி: "செல்வி கண்ணாடி இல்லாம அண்ணாந்து பாக்கக் கூடாது. அண்ணி பொறுப்பு."

உன் நாத்தனார் தனம் அக்கா சும்மா இருப்பாளா? சேதி தெரிந்ததும் காட்டுப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். செல்வியை உள் அறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்த வேண்டுமாம். "அவ அம்மா பண்ண மாதிரி இவளும் பண்ணிக்கப் போறா" என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு மத்தியானமே செல்வி என்னிடம் வந்தாள்.

"அத்தே, நீ அப்ப பக்கத்து ஊடுதான? எங்கம்மா அன்னிக்கி மெய்யாலுமே வெளிய பாத்துச்சா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பத்தொன்பது வருஷமாகப் பதில் இருந்தது, சரோஜா. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த பதில்.

எண்பதாம் வருஷத்து மாசி மாசம். நான் கல்யாணமாகி இந்த வரிசை வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆறு வீட்டில் சிலுவை மாட்டிய வீடு எங்களுடையது மட்டும்தான். உனக்கு ஏழு மாசம், எனக்கு அஞ்சு. மத்தியானத்துக்கு மேல் கிரகணம். தனம் அக்கா உன் ஜன்னலில் சாக்கை அடைத்து, உன்னைக் கயிற்றுக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, சொறியாதே, கையை மடக்காதே, எச்சில்கூட விழுங்காதே என்று சொல்லிவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து நீ, "அக்கா, எறும்பு கடிச்சா?" என்று கேட்டது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

என்னைப் பூட்டி வைக்க யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் வாரம் முழுக்க வெல்டிங் அடித்த களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை. அடிபம்பு காலியாக நின்றது.

உனக்கே தெரியும். விடியற்காலை எந்த நேரத்துக்குப் போனாலும் அந்தப் பம்பில் நமக்கு முன்னால் எட்டுக் குடம் உட்கார்ந்திருக்கும். வரிசையில்லாத பம்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கிரகணம், வயிற்றுப் பிள்ளை எல்லாம் மறந்துபோயிற்று. ஆறு குடம் அடித்தேன். வெயில் பழைய வேட்டி மாதிரி வெளுத்துக்கொண்டே வந்தது. ஆசை யாரை விட்டது? உள்ளே போய் அவர் பையிலிருந்த வெல்டிங் கண்ணாடியை எடுத்து வந்து, நடுத் தெருவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று பார்த்தேன். கருக்கரிவாள் மாதிரி ஒரு துண்டுதான் மீதி இருந்தது. பார்த்துவிட்டுக் குடத்தை எல்லாம் உள்ளே தூக்கி வைத்தேன்.

கிரகணம் விட்டதும் எல்லோரும் பிடித்து வைத்த தண்ணீரைத் தீட்டு என்று கொட்டிவிட்டுப் பம்புக்கு ஓடினார்கள். உன்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லையென்று தனம் அக்கா தவித்தாள். நான் இரண்டு குடம் எடுத்துப் போய்க் கொடுத்தேன். "இப்பவா அடிச்ச?" என்றாள். "இப்பதான்கா" என்றேன். பொய் சொல்லும் எண்ணமே இல்லை. கேட்டதும் வாயில் வந்துவிட்டது.

சித்திரையில் செல்வி பிறந்தாள். மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது. கிரகண மூளி என்று ஆறு வீடும் ஒரே குரலில் சொன்னது. தனம் அக்கா உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "சாக்க வெலக்கிப் பாத்துகிறா. இல்லாங்காட்டி எப்டி வரும்?" என்று வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னாள். நீ குழந்தை தலையில் கை வைத்து, "பாக்கல, பாக்கல" என்று சொன்னாய். யார் நம்பினார்கள்?

ஆனியில் என் ஸ்டீபன் பிறந்தான். உதடு, விரல், காது எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு குறை இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் காட்டி, "நான்தான் பார்த்தேன், இந்தாங்க என் பிள்ளை" என்று சொல்லியிருந்தால் போதும். ஒரே பேச்சில் உன் மேலிருந்த பழி போயிருக்கும்.

நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த இரண்டு குடம் வெளியே வரும். "உன் தண்ணியாலதான்" என்பார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? புதிதாக வந்தவள், வேறு கோயிலுக்குப் போகிறவள். எனக்குப் பயம். அது மட்டும் இல்லை. பாதி நானும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முட்டி போட்டுவிட்டு வந்தாலும், உன் குழந்தையின் வாயைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குடங்கள்தான் கண்ணில் நின்றன.

அதனால்தான் உன்னோடு ஓடினேன். குழந்தைக்குப் பால் சப்ப வராது. நீ பாலாடையில் ஊற்ற, நான் தலையைப் பிடித்துக்கொள்வேன். ஆவடியிலிருந்து ரயில் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு ஆபரேஷனுக்கும் நான்தான் கூட வந்தேன். "கூடப் பொறந்தவகூட இப்டிச் செய்ய மாட்டா" என்று நீ எல்லோரிடமும் சொன்னாய். என் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் நீ கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

பதினைந்து வருஷம் கழித்து அடுத்த பெரிய கிரகணம் வந்தது. தீபாவளிக்கு மறுநாள் காலை. முழு சூரிய கிரகணம் என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். நீ பட்டியல் போட ஆரம்பித்தாய். எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் மனப்பாடம்.

"பாக்காமலே பாத்தேன்னு பேரு வாங்கினேன் அண்ணி. ஒரு தபா பாத்துட்டு வாங்கிக்கிறேன் அந்தப் பேர. அதுவும் எம் பொண்ணையும் கூட வெச்சிகினு, ஊரே பாக்கப் பாக்கறேன்."

வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாய். "பட்டப் பகல்ல இருட்டாவும், காக்கா எல்லாம் கூட்டுக்குப் போவும், வந்து பாருங்க" என்றாய். பேப்பரில் உள்ளே சின்ன எழுத்தில், முழுசாக மறைவது வடக்கே மட்டும்தான், மெட்ராசுக்குக் கொஞ்சம்தான் என்று போட்டிருந்ததை நீயும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. தெருவில் அஞ்சு வீட்டில் வருவதாகச் சொன்னார்கள். காலையில் எல்லோரும் டீவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். கரைக்கு வந்தது நாம் மூணு பேரும் என் வீட்டுக்காரரும்தான்.

இருட்டவில்லை. காக்காய்கள் பாட்டுக்கு நேற்றைய வடைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. இரண்டு கறுப்புக் கண்ணாடியைச் சேர்த்து நீ பார்த்தாய். கடித்த தோசை மாதிரி இருந்தது சூரியன். "இவ்ளோதானா? இதுக்கா அவ்ளோ பேசுனாளுங்க?" என்று சிரித்தாய். உன் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததே இல்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன், சரோஜா.

அதற்குள் நீ குனிந்து தரையைப் பார்த்தாய். வேப்பமரத்து இலை இடுக்கு வழியாக விழுந்த வெயில் எல்லாம் வட்டமாக இல்லாமல் பிறை பிறையாகக் கிடந்தது. நூறு இருக்கும். உன் புடவையில், செல்வியின் பாவாடையில், பாயின் மேல் எல்லாம். என் வீட்டுக்காரர், "சின்ன ஓட்ட வழியா வந்தா சூரியன் எப்டிக் கீதோ அப்டியே வுழும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். நீ என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாய்.

"அண்ணி, இதான். அன்னிக்கி மேல சிமெண்டு ஷீட்ல ஆணி கழண்ட ஓட்ட இருந்துச்சி. அது வழியா அருவா மாதிரி ஒரு வெளிச்சம் வந்து எம் வயித்து மேல வுழுந்துச்சி. நவுரக்கூடாதுன்னு அக்கா சொல்லிச்சேன்னு நவுராம படுத்துகினு இருந்தேன். இன்னா வெளிச்சமோன்னு இருந்தேன். இதான் அண்ணி அது. நான் பாக்கல. அது வந்து எம் பொண்ணப் பாத்துட்டுப் போயிருக்குது."

ஒரு துண்டு வெளிச்சத்துக்கு நீ இப்படிச் சொல்கிறாய். முழு வெயிலில் நின்றவள் உன் பக்கத்தில் நிற்கிறேன். ஒரு வார்த்தை போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வா, வெயில் ஏறுது, ஊட்டுக்குப் போலாம்" என்றேன். மோர்த் தூக்கைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போனோம்.

அதன் பிறகு நீ யாரிடமும் பார்க்கவில்லை என்று வாதாடவில்லை. தனம் அக்கா குத்திப் பேசினாலும் தலையைக் குனிந்துகொண்டாய். இரண்டு வருஷத்தில் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தாய். கடைசி வாரம் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்காதே.

போன மாசம் செல்வியை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவளே தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, என் பிள்ளைக்கும் இப்படி வருமா என்று கேட்டாள். வரவும் கூடும், வராமலும் போகும் என்றார் டாக்டரம்மா. உதடு சேருவது ரெண்டாம் மாசம், மூணாம் மாசத்திலேயே முடிந்துவிடுமாம். கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாதாம். பஸ்ஸில் திரும்பி வரும்போது விரல் விட்டு எண்ணினேன். அன்றைக்கு உனக்கு ஏழு மாசம். ஆணி ஓட்டை வெளிச்சம் விழுந்தபோதும், நான் தண்ணீர் கொடுத்தபோதும் செல்வியின் உதடு எப்போதோ அப்படித்தான் ஆகியிருந்தது. நீ உயிரோடு இருக்கும்போது இதை ஒரு டாக்டரிடம் போய்க் கேட்க எனக்குத் தோன்றவில்லையே.

அதனால் செல்வி வந்து கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தாயா, என் தண்ணீர் மேல் குற்றமில்லை என்று உறுதியான பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

செல்வி கத்தவில்லை. "ஏரிக்கரைலயே சொல்லியிருந்தா எங்கம்மா ரெண்டு வருசமாவது நிம்மதியாத் தூங்கியிருக்கும் அத்தே" என்றாள். எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் உன் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தாள். "தனம் அத்தகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா எங்கம்மாவுக்குச் சப்பைக்கட்டு கட்டறேம்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். தனம் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு வெளியே நின்றதையும் கண்ணாடியில் பார்த்ததையும் சொன்னேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க வேதக்காரங்க. உங்கள அது புடிக்காது."

"கெரகணம் இன்னா அத்த, ரேஷன் கார்டு பாத்துகினா புடிக்குது?" என்றாள் செல்வி. உன் நாக்கு அப்படியே இருக்கிறது அவளுக்கு.

தனம் அக்காவின் கை நின்றது. "இரு, இரு. அன்னிக்கி சரோஜாவக் குளிப்பாட்ட ரெண்டு கொடம் குடுத்தியே. அது எப்ப அடிச்சது?"

"கிரகணத்துல அடிச்சதுதான்கா."

"அப்ப அந்தத் தண்ணிதான்! அதான பாத்தேன்!" என்று தொடையில் தட்டினாள். பத்தொன்பது வருஷமாக எந்தப் பேச்சுக்குப் பயந்தேனோ அதே பேச்சு. டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "அவ எத்தினி பெத்தா?" என்று கேட்டாள். அவளோடு பேசி யார் ஜெயித்தார்கள்?

"சரிக்கா" என்றேன். "என் தண்ணின்னே வெச்சிக்க. தெரு முழுக்கச் சொல்லிக்க. அப்ப சரோஜா பாக்கல இல்ல? அத மட்டும் உன் வாயால சொல்லு."

தனம் அக்கா என்னைப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள், சுவரில் மாலை போட்டிருந்த உன் போட்டோவைப் பார்த்தாள். முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"பாக்கல" என்றாள். "பாவம், அவ இன்னா பண்ணுவா? நவுராதன்னேன், நவுராமத்தான் படுத்துகினு இருந்தா."

செல்வி உள்ளே போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

தனம் அக்கா சொன்னபடியே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நேற்று லாரித் தண்ணீர் வரிசையில் ஒருத்தி என் குடத்துப் பக்கத்திலிருந்து தன் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கனமாகத்தான் இருக்கிறது, சரோஜா. எனக்கு இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீ பதினேழு வருஷம் எப்படித் தூக்கினாய்?

புதன்கிழமைக்கு எல்லாம் தயார். சாயங்காலம் அஞ்சு மணிக்குள் கரைக்குப் போய்விட வேண்டும். மாப்பிள்ளை லோடு ஆட்டோவிலேயே கூட்டிப் போகிறேன் என்கிறார். மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் கம்பெனியில் இருப்பதிலேயே கறுப்பான கண்ணாடியாகப் பார்த்து இரண்டிரண்டாகச் சேர்த்து டேப் ஒட்டி வைத்திருக்கிறார். "இந்தத் தபா முழுசா இருட்டாவும்னு யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. பேப்பரைச் சின்ன எழுத்து வரைக்கும் படித்துவிட்டேன். நமக்கு முக்கால்தான். ஆடி மாசத்து மேகம் வந்து மறைத்தால் அதுவும் இல்லை. மோர் உண்டு.

சாயங்கால வெயில் சாய்ந்து வரும். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பிறைகள் நேராக வயிற்றின் மேல்தான் விழும் என்று செல்விக்குத் தெரியும். அங்கேதான் நிற்பேன் என்கிறாள். "வுழட்டும் அத்தே, எங்கம்மா மேல வுழுந்ததுதான" என்கிறாள்.

நானும் அவள் பக்கத்தில் நிற்பேன். செல்வி கண்ணாடி இல்லாமல் அண்ணாந்து பார்க்க மாட்டாள், அதற்கு நான் இருக்கிறேன். தையில் பிறக்கப்போகிற உன் பேரப்பிள்ளைக்கு உதடு எப்படி இருந்தாலும் பாலாடையைப் பிடிக்க என் கை இருக்கிறது. எவளாவது வந்து, நீ வெளியே பார்த்தாயா என்று செல்வியைக் கேட்டால், இந்தத் தடவை முதலில் வாயைத் திறப்பவள் நான்தான். அவள் எதிரில், உன் போட்டோ எதிரில் இதைச் சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிட்டேன்.

பொறுப்பு என்று நீ பேர் எழுதி வைத்த
உன் அண்ணி,
பிலோமினா